நாலாவது வண்டிக்கு ஒரு குடவோலை

நெல்லில் புகையான், கரும்பில் இடைக்கணுப் புழு, உளுந்தில் மஞ்சள் தேமல். இவற்றைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுவேன். இந்த முறை பயிருக்கு விடுமுறை. முகாம்களில் கேள்வி-பதில் முடிந்த பிறகு என்னைத் தனியாக ஒதுக்கி அழைத்துப் பல பேர் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "சார், எங்கப்பா ஓட்டின வண்டி கொட்டாயில நிக்குது. காயலான் கடைக்குப் போட்டுடட்டுமா, வெச்சிக்கட்டுமா?" என்னிடம் மூன்று பழைய வண்டிகள் இருப்பது உத்திரமேரூர் பக்கத்தில் தெரிந்த விஷயம் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. போன வருஷம் நாலாவது வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கதையைச் சொன்னால் கேட்டவர்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கையில் இருந்த மூன்று

முதலாவது புல்லட் 350. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிதாக ஓட்டுகிறவர் கால் மாற்றி மிதித்துத் திணறுவார். இன்று அதே கம்பெனி நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறது. விடியற்காலையில் நம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வேன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது ராஜ்தூத் 175. டிராக்டர் செய்யும் எஸ்கார்ட்ஸ் கம்பெனி, போலந்து நாட்டு வண்டி ஒன்றின் அமைப்பைக் கொண்டு செய்தது. மேட்டிலும் வரப்பிலும் ஏறி இறங்கும். பால் கேனோ உர மூட்டையோ, எதைக் கட்டினாலும் முனகாது.

மூன்றாவது மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் யெஸ்டி. இரண்டு சைலன்சர். கிக்கர் தண்டே கியர் தண்டாகவும் மாறும். 1996-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிற்பாடு வேறு நிறுவனம் அதே பெயரில் புது வண்டிகளைக் கொண்டு வந்தது. பழையதின் சத்தம் வேறு.

இந்த மூன்றும் இருபத்தைந்து வருஷச் சம்பளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. நாலாவது என்று பேச்செடுத்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, ரிடையர் ஆக இன்னும் மூணு வருஷந்தான் இருக்கு. இதுக்கு ஒரு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும். இதெல்லாம் என்னத்தக் கறக்கும்?" நியாயமான கேள்வி. வண்டி சேர்ப்பதும் மாடு சேர்ப்பதும் ஒன்றுதான். வாங்கும் விலை ஒருநாள் செலவு. தீனி வருஷம் முழுக்க. டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், மெக்கானிக் கூலி எல்லாம் தீனிக் கணக்கில்தான் சேரும். கறவை வற்றிய மாட்டை எத்தனை நாள் கட்டிப் போடலாம் என்று யோசிக்கிற அதே மனசோடுதான் வண்டியையும் யோசிக்க வேண்டும்.

கல்லில் இருந்த விதி

எங்கள் ஊர்க்காரனுக்குத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி வெளியே போய்ப் படிக்க வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆனால் எல்லாருடைய பெயரும் குடத்துக்குள் போகாது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. முதலில் தகுதி, அதற்குப் பிறகுதான் குலுக்கல்.

அதையே எடுத்துக்கொண்டேன். என் குடத்துக்குள் ஒரு வண்டியின் பெயர் விழ நான்கு தகுதி.

ஒன்று, வயது 35-க்கு மேல். அதற்குக் கீழே இருந்தால் அது வெறும் பழைய வண்டி, அவ்வளவுதான்.

இரண்டு, மனை. நிழலும் கூரையும் உள்ள இடம் இருக்கிறதா? என் கொட்டகையில் மிச்சம் இருந்தது நீளத்தில் ஆறடி, அகலத்தில் மூன்றடி.

மூன்று, கணக்கு. ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கிறதா? சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா?

நான்கு, உறவு. விற்கிறவருக்கும் என் மேசைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இந்த நான்காவதுதான் என்னை நன்றாகச் சோதித்தது.

குடத்துக்குள் வந்த பெயர்கள்

மகன் சொன்னது ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985 முதல் 1996 வரை செய்த வண்டி. 98 சி.சி., 11 குதிரைத்திறன், கைக்கு அடக்கமான எடை. இன்றைய பையன்களுக்கு அது சாமி மாதிரி. விலையும் அப்படித்தான். என் கவலை வேறு. சேகரிப்பு என்று வாங்குவது நான், சாலவாக்கம் ரோட்டில் முறுக்கப்போவது அவன். அத்தனை வேகத்தையும் நிறுத்த இருப்பது அந்தக் காலத்து டிரம் பிரேக். பெயரை அடித்துவிட்டேன்.

மெக்கானிக் சொன்னது ஹீரோ ஹோண்டா சி.டி. 100. 1985-இல் வந்த நாலு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையை நம் வீடுகளிலிருந்து ஒழித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பார்த்த இரண்டு வண்டியிலும் எஞ்சின் நம்பர் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. மூன்றாவது தகுதியில் விழுந்தது.

டீசல் புல்லட்

நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது டீசல் புல்லட்டுக்கு. ராயல் என்ஃபீல்டு 'டாரஸ்' என்ற பெயரில் விற்ற வண்டி அது. 325 சி.சி., ஆறரை குதிரைத்திறன், கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின். கிரீவ்ஸ் என்ற பெயர் கிணற்றடி எஞ்சின் வைத்திருந்தவர்களுக்குப் புதிதல்ல. வேகம் கிடையாது, அதிர்வு உண்டு, புகையும் உண்டு. ஆனால் லிட்டருக்கு அது கொடுத்த தூரத்தைப் பெட்ரோல் புல்லட்காரர் கனவிலும் பார்த்திருக்க மாட்டார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் உற்பத்தி நின்றது. விவசாயத்தோடு இத்தனை நெருக்கமான மோட்டார் சைக்கிள் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

என் பொறுப்பில் உள்ள கிராமம் ஒன்றில், கரும்பு போடும் ஒருவர் வீட்டில் அது நின்றது. கொட்டகை மூலையில் வைக்கோல் தூசி படிந்து, டயர் இறங்கி. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"சார், புடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. காசெல்லாம் வேணாம். எங்கிட்ட இருந்தா துருப்புடிச்சிதான் போவும்."

அவர் மனசில் கள்ளம் இல்லை. பதினைந்து வருஷப் பழக்கம். ஆனால் அந்த வாரம் அவருடைய சொட்டுநீர்ப் பாசன விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம். வரிசையில் அவருக்கு முன்னால் வேறு சிலர் இருந்தார்கள். அந்த வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவருடைய கோப்பு வரிசைப்படியே போனாலும் பக்கத்து நிலத்துக்காரர் நம்புவாரா? காசு கொடுத்து வாங்கினாலும் "எவ்வளவு கொடுத்தாரோ, எதுக்குக் கொடுத்தாரோ" என்று டீக்கடையில் ஒரு பேச்சு ஓடும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும், நாளைக்கு நான் வயலில் இறங்கி ஒருவரிடம் "இந்த மருந்து வேண்டாம், காசு வீண்" என்று சொன்னால் அவர் கேட்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு இருக்கும் மதிப்புதான் என் சொத்து. அதை ஒரு புல்லட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

"ஐயா, நான் எடுக்கக் கூடாது. ஆனா நீங்களும் கொடுத்துடாதீங்க" என்றேன். இது காயலான் கடைச் சரக்கு இல்லை, தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், முதலில் ஆர்.சி.யைத் தேடி எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப்போட்டு உட்கார ஆரம்பித்தான். இரண்டு மாதம் கழித்து ஓடியது. சொட்டுநீர்க் கோப்பும் தன் வரிசையில் வந்து முடிந்தது. அந்த வண்டி எதிரே வரும்போதெல்லாம் சத்தத்தை நின்று கேட்பேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

எல்லார் வீட்டிலும் இருந்தது

பிறகு நிதானமாக யோசித்தேன். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று இன்று தேடிப் போகிறோம். ஒரு காலத்தில் ஊரெல்லாம் விளைந்த ரகங்கள் எப்படிக் காணாமல் போயின? எல்லாரிடமும் இருக்கிறதே என்று யாரும் விதை எடுத்து வைக்கவில்லை. அபூர்வமானதை ஆள் வைத்துக் காப்பாற்றுவார்கள். சாதாரணமானது சத்தமில்லாமல் போய்விடும். வண்டியிலும் இதே கதைதான். புல்லட்டையும் ஆர்.எக்ஸையும் காப்பாற்ற ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நம் வீடுகளை உண்மையில் சுமந்தது எது?

டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரில் இருந்து வந்தது. இரண்டு பேர் ஏறிப் போகும்படி இந்தியாவில் செய்த முதல் மொபெட். 50 சி.சி. பெடல் போட்டுக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம். முன்னால் உர மூட்டை, பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை. இருபக்கமும் கொக்கி போட்டுப் பால் கேன். புல்லுக்கட்டு, வாழைத்தார், நாற்று முடி, கைத்தெளிப்பான், பிரசவ வலி எடுத்த பெண். எல்லாவற்றையும் ஏற்றிய வண்டி. நான் 1990-களில் வேலையில் சேர்ந்தபோது எங்கள் உதவி வேளாண்மை அலுவலர்கள் பலர் வரப்பு வரைக்கும் போனது அதில்தான். மோட்டார் சைக்கிள் இல்லை, மொபெட்தானே என்று மகன் சிரித்தான். சிரிக்கட்டும். ஆறடி நீளம் மூன்றடி அகலத்தில் அடங்கும் வண்டி அது ஒன்றுதான்.

தேட ஆரம்பித்தபோதுதான் என் எண்ணம் சரி என்று தெரிந்தது. இருந்தவை பாதி எஞ்சின் இல்லாதவை, அல்லது ஆர்.சி. இல்லாதவை. கடைசியில் வந்தவாசிப் பக்கம், என் பொறுப்புக்கும் மாவட்டத்துக்கும் வெளியே, ஒரு பால்காரர் வீட்டில் கிடைத்தது. 1988-இல் பதிந்த வண்டி. பெரியவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். பால் கேன் கொக்கிகள் அப்படியே இருந்தன.

அந்த அம்மாவிடம் பழைய இரும்புக்காரர் 2,500 ரூபாய் சொல்லியிருந்தார். "நீங்க ஐந்நூறு சேத்துக் குடுத்தா போதும் தம்பி" என்றார். 3,000-க்கு முடித்திருக்கலாம். ஆனால் ஓடக்கூடிய நிலையில், புத்தகம் சரியாக உள்ள வண்டிக்கு வெளியே என்ன விலை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நெல்லுக்கு வியாபாரி ஊர் விலையை மறைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நமக்கு எப்படிக் கோபம் வருகிறது! வெளி விலையைச் சொன்னேன், 12,000 கொடுத்தேன். வீட்டில் கணக்கு எழுதுகிறவர் அந்தத் தொகையைப் படித்துவிட்டு, "எருமை மிச்சம்" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

விற்பவர், வாங்குபவர் இருவருக்கும்

பேச்சு முடிந்த அன்று நான் வண்டியை எடுத்து வரவில்லை. காரணம் உண்டு, எல்லாரும் கவனிக்க வேண்டியது.

இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நேரடியாக விற்க முடியாது. இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று தேவை. தாமதமானால் அலைச்சலும் கட்டணமும் கூடும். அந்த அம்மா பெயருக்கு மாறி, பிறகு என் பெயருக்கு மாற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை வண்டி அவர்கள் வீட்டிலேயே நின்றது.

உயிரோடு இருப்பவர் விற்றால் படிவம் 29-ம் 30-ம். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத்தில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. நாலு கை மாறிய வண்டி எங்கோ ஒருவரை இடித்தால், இன்சூரன்ஸ் இல்லாத பட்சத்தில் நஷ்ட ஈடு உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கலாம். பெயர் மாறிய பிறகே சாவியை மறக்கவும்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 கொடுத்து, புத்தகத்தில் கம்பெனி பெயரை நீக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

"ஐம்பது வருஷ வண்டிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டதாமே?" என்று கேட்கிறார்கள். 2021-இல் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்து, பழைய அமைப்பு மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு, 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அதை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். வயலுக்குப் போய்வர வேண்டுமானால் படிவம் 25-இல் வழக்கமான புதுப்பித்தல், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், புகைச் சான்று. வேறு வழியில்லை.

நிற்கும் எஞ்சினுக்கு

கடைசியாக, வண்டி இல்லாதவர்களுக்கும் பயன்படும் விஷயம். பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் கருவி, பெட்ரோல் பம்பு வைத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், உடைந்த அரிசியிலிருந்தும் எடுப்பது. விவசாயிக்கு நல்ல செய்திதான். ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும், துரு ஏறும். பழைய எஞ்சினின் ரப்பர் குழாயும் வாசரும் ஊறி வெடிக்கும். அதனால்:

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்யுங்கள். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விட்டால் கார்புரேட்டரும் காலியாகும். பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு ஆயில் விட்டு, இரண்டு முறை மெதுவாகக் கிக்கரை மிதித்து மூடுங்கள். ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், அதிக விலை இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் அளவை அதன் கையேட்டில் உள்ளபடி கலக்குங்கள், கை அளவு வேண்டாம். சைலன்சர் வாயில் துணி கட்டுங்கள், குளவி மண் வைத்து அடைத்துவிடும். கிளப்பும் முன் அவிழ்க்க மறக்காதீர்கள். நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். நெல்லுக்கு வந்த எலி ஒயரையும் கடிக்கும், ஏர் ஃபில்டரில் குட்டியும் போடும். நடு ஸ்டாண்டு போட்டு டயரில் காற்று வையுங்கள்.

விற்பதா, வைப்பதா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். வருஷத் தீனி போட முடியுமா, நிழல் இருக்கிறதா, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒதுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் விற்றுவிடுங்கள், அதில் அப்பாவுக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை. மழையில் நனைய விட்டுத் துருப்பிடிக்க வைப்பதுதான் அவமரியாதை. ஆனால் விற்கும் முன் இரண்டு மெக்கானிக்கிடமாவது விலை கேளுங்கள். இரும்பு எடைக்கு மட்டும் போடாதீர்கள். பெயர் மாற்றாமல் சாவி கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழில் வழக்கம்போல வயலுக்குத் திரும்புவோம். நவரை நாற்றங்காலில் இலை மஞ்சளாவது பற்றி மானாம்பதி, பெருநகர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.